முதலாளி இல்லாத பெண்களுக்கும் சங்கம்

தொழிற்சங்கம் என்றவுடன் ஆலைவாசலும் சம்பளப் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். இன்று ஒருவர் வயலில் நடவு, நாளை மற்றொருவர் வயலில் களையெடுப்பு, இடையே சொந்த அரை ஏக்கரில் பாடு என்று உழைக்கும் பெண்ணுக்குச் சங்கம் எதற்கு, அவள் யாரிடம் கோரிக்கை வைப்பாள் என்று கேட்பதுண்டு. குஜராத்தின் அகமதாபாத் நகரில் 1972-ல் இதே கேள்வியை அரசு அலுவலகமே எழுப்பியது.

அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தை முன்னின்று வளர்த்தவர் அனசூயா சாராபாய் என்ற பெண்மணி. ஆனாலும் அச்சங்கத்தில் 1954-ல் அமைந்த மகளிர் பிரிவு, தொழிலாளரின் வீட்டுப் பெண்களுக்குத் தையல் முதலியன கற்றுக்கொடுப்பதோடு நின்றது. துணிக்கடைகளுக்கு மூட்டை சுமந்த பெண்கள், கூலிக் கணக்கில் ஏமாற்றப்படுவதாக 1971-ல் அப்பிரிவின் தலைவி இலா பட்டிடம் முறையிட்டனர். 'சேவா' எனப்படும் சுயதொழில் மகளிர் சங்கம் அதிலிருந்து பிறந்தது.

முதலாளியே இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டுப் பதிவு மறுக்கப்பட்டது. சங்கம் எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்பவர் ஒன்றுசேர்வதற்கும்தான் என்று பெண்கள் வாதாடினர். 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது.

சங்கம் கிராமங்களுக்குச் சென்றபோது வேறொரு சிக்கல் எழுந்தது. விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வேலைக்கு ஆள் மிகுந்த ஊரில் ஒருத்தி சட்டப்படியான கூலியைக் கேட்டால், மறுநாள் அவளுக்கு அழைப்பு வராது. வேறு ஆள் வந்துவிடும். வானம் பார்த்த பூமியை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் கூட்டிக் கொடுக்கக் கையில் இருப்பதில்லை. ஆகவே கூலிக் கோரிக்கையோடு, பெண்களுக்கு வேறு வருமானம் தேடுவதும் சங்கத்தின் வேலையாயிற்று. பால் கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வாறு தோன்றியவையே. தீவனம் அறுப்பதும் சாணம் அள்ளுவதும் பால் கறப்பதும் பெண். உறுப்பினர் புத்தகத்தில் மட்டும் கணவர் பெயர் என்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கே பெண்ணே உறுப்பினர். பால் பணம் கைக்கு வந்தால், குறைந்த கூலிக்கு அவசரப்பட்டு இசைய வேண்டியதில்லை. கூலி பேசும் பலம் இப்படித்தான் வருகிறது.

கடன் மற்றொரு தொல்லை. வட்டிக்காரரிடம் நகையும் நிலமும் சிக்குவதைத் தவிர்க்க, 1974-ல் 4,000 பெண்கள் தலா 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படமே அவர்களுக்கு அடையாளமாயிற்று. எழுத்தறிவு இல்லை என்று கூறி ஒதுக்குவோர் இந்த எளிய ஏற்பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

தாய்ச் சங்கத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1981-ல் சேவா தனியே பிரிந்தது. இன்று அதன் உறுப்பினர் தொகை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் விவசாயக் கூலிப் பெண்களும் சிறு நிலம் வைத்திருக்கும் பெண்களும் ஏராளம்.