தேவைக்கேற்ப உழைக்கும் கம்ப்ரசர்

சித்திரை வெயிலில் கோபியிலிருந்து மைசூர் செல்லும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரி வரை அனல் வீசும். பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை. மேலே ஏற ஏறக் குளிர்ந்த காற்று. காரின் குளிர்சாதனக் கருவிக்கு அடிவாரத்தில் நிறைய வேலை. மலைமேல் கொஞ்சமே வேலை. இரண்டையும் ஒரே கம்ப்ரசர் எவ்வாறு சமாளிக்கிறது?

நம் உடலில் இதயம் எப்படியோ, குளிர்சாதனக் கருவியில் கம்ப்ரசர் அப்படி. காருக்குள் உள்ள வெப்பத்தை ஏற்றுவரும் வாயுவை இழுத்து, அழுத்தி, முன்புறக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த பெல்ட். ஆகவே குளிர்ச்சிக்கும் பெட்ரோல் செலவாகிறது.

1939-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் குளிர்சாதனக் காரை அறிமுகம் செய்தது. அதன் கம்ப்ரசரை நிறுத்த, எஞ்சினை அணைத்துப் பெல்ட்டையே கழற்ற வேண்டுமாம்! பின்னர் வந்த காந்தக் கிளட்ச், கம்ப்ரசரைத் தேவைப்படும்போது எஞ்சினோடு சேர்த்தது. மற்ற வேளைகளில் பிரித்தது. இன்றும் பல கார்களில் இம்முறையே உள்ளது. ஆனால் ஓடினால் முழு வேகம், இல்லையேல் ஓய்வு. மலையேறும்போது ஒவ்வொரு முறை சேரும்போதும் எஞ்சின் திணறும்.

கொடிவேரி அணையின் மதகை முழுதும் திறப்பது, முழுதும் அடைப்பது என்று இரண்டே வழி இருந்தால் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம் என்னாகும்? வேண்டிய அளவு மட்டும் திறக்கிறார்கள் அல்லவா? அதைத்தான் 'மாறும் கொள்ளளவுக் கம்ப்ரசர்' செய்கிறது. 1980-களில் இது கார்களில் இடம்பெற்றது.

இதன் தண்டில் ஒரு வட்டத் தட்டு சாய்வாகப் பொருத்தப்பட்டுள்ளது. தண்டு சுழல, தட்டு தன்னைச் சுற்றியுள்ள பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளும். தட்டு அதிகம் சாய்ந்தால் பிஸ்டன்கள் அதிக தூரம் நகர்ந்து மிகுந்த வாயுவை அனுப்பும். சாய்வு குறைந்தால் சிறிதளவே அனுப்பும்.

சாய்வை மாற்றுவது யார்? ஒரு சிறு வால்வு! கார் போதிய அளவு குளிர்ந்ததும், திரும்பி வரும் வாயுவின் அழுத்தம் குறையும். உடனே வால்வு திறந்து, அழுத்தம் மிகுந்த வாயுவில் சிறிதைத் தட்டு இருக்கும் அறைக்குள் விடும். அது பிஸ்டன்களைப் பின்னாலிருந்து தள்ள, தட்டின் சாய்வு குறையும். வெப்பம் கூடினால் வால்வு மூடிக்கொள்ளும். அறையின் அழுத்தம் குறைந்து தட்டு மீண்டும் சாயும். புதிய கார்கள் பலவற்றில் இவ்வால்வை மின்னணுக் கருவி இயக்குகிறது.

இதனால் பெட்ரோல் மிச்சம். குளிர்ச்சியும் சீராக இருக்கும். ஆளில்லா வகுப்பறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுச் செல்லும் நாம், தேவையறிந்து உழைக்கும் இந்தச் சிறு தட்டிடம் பாடம் கற்கலாமே!

— பத்தாம் வகுப்பு மாணவி