பெரிய மீனை விட்டுவிடலாம்
கனடாவின் வடக்கே, ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கிரேட் பேர் ஏரியில் 1995-இல் 32 கிலோவைத் தாண்டிய ஏரி ட்ரவுட் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அத்தனை பெரிய மீன் கிடைத்தால் சமைக்காமல் விடுவார்களா என்று தோன்றும். விடத்தான் வேண்டும். அந்தக் குளிர்நீரில் இம்மீன் பத்து வயதைத் தாண்டித்தான் முட்டையிடவே தொடங்குகிறது. அதுவும் ஆண்டுதோறும் இடுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவையும் அங்கே உண்டு. முதிர்ந்த பெண்மீன் ஒன்றைக் கொன்றால், அந்த இடம் நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். சாப்பாட்டுக்கு இரண்டு கிலோ மீன் தாராளம். பாதரசமும் சிறியவற்றில் பொதுவாகக் குறைவு.

முள் குத்திய மீன் எப்படியும் செத்துத்தானே போகும் என்பார்கள். குளிர்நீரில் பெரும்பாலும் அப்படியில்லை. ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை உப்பினாலும், ட்ரவுட் அந்தக் காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். குமிழிகள் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். மெதுவாக இழுத்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றினால் பிழைத்துக்கொள்ளும். கோடையில் மேல்நீர் சூடேறும் தெற்கத்திய ஏரிகளில் இந்த வாய்ப்பு குறைவு. அங்கே தேவைக்குக் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே முறை.