குளிர்மலை நடையும் உடையும்

குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. மலையையும் குளிரையும் இணைத்தே கண்டனர் நம் முன்னோர். மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன். அவனது அருளுள்ளம் போற்றுதற்குரியது. எனினும், இயற்கை அம்மயிலுக்கு முன்னரே ஒரு போர்வையை அளித்திருந்தது. இறகுகளுக்கு இடையே தங்கியிருக்கும் காற்றே அப்போர்வை. குளிர்மலைகளில் நடப்போர் உடுத்தும் உடையும் அம்முறையிலேயே உடலைக் காக்கின்றது.

வெப்பம் காக்கும் காற்று

உடை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உண்ட உணவிலிருந்து உடல் உண்டாக்கும் வெப்பம் விரைந்து வெளியேறாமல் தடுப்பதே அதன் பணி. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோ, காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, உடையின் இழைகளுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தை ஈரம் பிடித்துக்கொண்டால், உடை தன் பயனை இழந்துவிடுகின்றது. உடலைச் சூழ்ந்துள்ள வெதுவெதுப்பான காற்றை வீசும் காற்று அகற்றிவிடுவதும் அத்தகைய கேடே.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் பாகை குறைகின்றது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, கடலோர ஊர்களைவிட மிகுந்த குளிருடையதாக இருப்பதற்கு இதுவே காரணம். இமயத்தின் உயரங்களிலோ குளிர் உயிரையே பறிக்கவல்லது.

ஃபிஞ்சின் மேலங்கி

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவினர் பலரும் கம்பளி, பட்டு, பருத்தி ஆகியவற்றாலான உடைகளையே அணிந்திருந்தனர். அக்குழுவில் இடம்பெற்ற ஜார்ஜ் ஃபிஞ்ச் என்னும் வேதியியல் அறிஞர், வேறொரு மேலங்கியைத் தாமே வடிவமைத்துக் கொண்டுவந்தார். பலூன் செய்யப் பயன்படும் துணிக்குள், ஈடர் என்னும் கடல்வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த அங்கி அது. அதன் தோற்றத்தைக் கண்டு உடன்வந்தோர் நகைத்தனர். பறவையின் மென்தூவி மிகுதியான காற்றைத் தன்னுள் தேக்கிவைக்கும் என்பதையும், நெருக்கமாக நெய்த புறத்துணி வீசும் காற்றைத் தடுக்கும் என்பதையும் ஃபிஞ்ச் அறிந்திருந்தார். புயலுக்கிடையே கூடாரத்தில் தங்கியிருந்த பின்னர், அவரும் ஜெஃப்ரி புரூசும் ஆக்சிஜன் துணையுடன் 8,300 மீட்டருக்கும் மேலே ஏறினர். அதுவரை மலையேறியோர் எவரும் எட்டியிராத உயரம் அது. நகைப்பிற்கு இடமான அங்கியின் வழிவந்தவையே இன்று மலையேறுவோர் அணியும் தூவியங்கிகள்.

மூன்று அடுக்குகள்

தடித்த ஒரே உடையைவிட மெல்லிய பல உடைகளை அடுக்காக அணிவதே சிறந்தது. அடுக்குகளுக்கு இடையிலும் காற்று தங்கும். வேண்டும்போது ஒன்றைக் களையவும் இயலும்.

உடலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையைத் தோலிலிருந்து அகற்ற வேண்டும். மெல்லிய கம்பளியும் பாலியெஸ்டரும் இதற்கு ஏற்றவை. நம் வெயிலுக்கு உகந்த பருத்தி இங்கு உதவாது. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடலைக் குளிரச் செய்யும். இடை அடுக்கு வெப்பத்தைக் காப்பது. கம்பளிச் சட்டை, தூவியங்கி முதலியன இதில் அடங்கும். நனைந்த தூவி கட்டிகட்டியாகத் திரண்டு பயனற்றுப்போகும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். புற அடுக்கு, காற்றையும் மழையையும் தடுப்பதுடன் உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியேற்றுவதாகவும் இருத்தல் வேண்டும்.

தலைக்குக் குல்லாயும் கைகளுக்கு உறையும் இன்றியமையாதவை. குளிருக்கு அஞ்சிக் காலுறைகளைப் பலவாக அணிந்து இறுக்கமான காலணிக்குள் பாதத்தைத் திணித்தால், குருதியோட்டம் குறைந்து பாதம் மேலும் குளிரும்.

அணிவதும் களைவதும்

நல்ல உடையும் பயன்படுத்தும் முறை அறியாதவரைக் காப்பதில்லை. நடை தொடங்கும்போது சற்றே குளிர்வதுபோல் இருப்பதே நன்று. ஏற்றத்தில் உடல் சூடேறும். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் களைதல் வேண்டும். ஓய்வுக்காக நிற்கும்போது, குளிரத் தொடங்குமுன் அதனை மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். இரவில் உடுத்துவதற்குரிய உலர்ந்த உடையை நீர்புகாப் பையிலிட்டு முதுகுப்பையில் வைத்திருத்தல் நலம். படுக்கும்போது உடலின் எடையால் தூக்கப்பையின் அடிப்பகுதி நசுங்கிக் காற்றை இழப்பதால், அதன்கீழ் தடித்த விரிப்பும் தேவை.

உயிர் காக்கும் விழிப்பு

உடலின் உள்வெப்பநிலை 35 செல்சியஸ் பாகைக்குக் கீழே இறங்குவது ஆபத்தானது. நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியன அதன் அறிகுறிகள். குளிர் மிகும்போது சிந்தனையும் மங்குவதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணர்வதில்லை. உடன்செல்வோரே கண்டறிதல் வேண்டும். அவரைக் காற்று வீசாத இடத்தில் சேர்த்து, ஈர உடையை அகற்றி, உலர்ந்தவற்றால் போர்த்த வேண்டும். விழுங்கும் நிலையிலிருந்தால் சூடான இனிப்புப் பானம் தரலாம். மருத்துவ உதவிக்கும் உடனே வழிசெய்தல் வேண்டும். நடுங்கியவர் வெப்பம் பெறாமலேயே நடுக்கம் நின்றுவிடின், அது நலமன்று. நிலை முற்றியதன் அடையாளம்.

மலைநடைக்குரிய உடையை விலையாலும் பகட்டாலும் மதிப்பிடுதல் தகாது. காற்றைத் தேக்குமா, ஈரத்தை அகற்றுமா, வேண்டும்போது களைய இயலுமா என்று ஆராய்ந்து தேர்தல் வேண்டும். அத்துடன், பக்கத்தில் நடப்பவர் நடுங்குவதைக் கண்டு உடனே உதவும் உள்ளமும் மலைவழியில் இன்றியமையாதது.