எந்தப் பிரபவ?

லண்டனின் வடமேற்கே, தமிழர் நிறைய வாழும் ஹாரோ வட்டாரத்தில் இருக்கிறது ரெய்னர்ஸ் லேன். இங்கேயும் தமிழ் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் தமிழ் வருஷத்தின் பெயர் இருக்கும். மொத்தம் அறுபதே பெயர்கள். சுற்றிச் சுற்றி வரும். "நான் பிரபவ வருஷம் பிறந்தவன்" என்று ஒருவர் சொன்னால் 1927-ஆ, 1987-ஆ? ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்வெட்டு படிப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

அதே திண்டாட்டத்தில் சிக்கியது, பிரிட்டன் வீடுகளின் பரண்களில் தூங்கும் ஒரு பழைய கணினி: பிபிசி மாஸ்டர்.

இதன் அண்ணன் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பள்ளிகளை நிறைத்துவிட்டு, 1984-ல் 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. அதில் தேதி காட்டும் கடிகாரம் கிடையாது. சுவிட்சைப் போட்டது முதல் நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகும், அணைத்தால் போச்சு. அணைக்காமலே விட்டால் எண்ணிக்கை நிரம்பி வழிய 348 ஆண்டு ஆகும் என்பது வேறு விஷயம்!

1986-ல் வந்த மாஸ்டரில் பேட்டரியில் ஓடும் ஹிட்டாச்சி கடிகாரச் சில்லு இருந்தது. அது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். 86 என்று சில்லு சொன்னால், கணினியின் இயக்க மென்பொருள் தன் பங்குக்கு முன்னால் '19' ஒட்டிக்கொள்ளும். எப்போதும் 19தான். 2000 பிறந்ததும் திரையில் 1900 வந்தது.

வேடிக்கை என்னவென்றால், சில்லின் லீப் கணக்கு சரியாகவே இருந்தது. நான்கால் வகுபட்டால் லீப் என்பதே அதற்குத் தெரிந்த விதி. 2000-ம் லீப் ஆண்டுதான். ஆனால் 1900 லீப் அல்ல. ஆகவே 2000 பிப்ரவரி 29 அன்று மாஸ்டர் காட்டியது 1900 பிப்ரவரி 29. கிரிகோரியன் நாள்காட்டியில் அப்படி ஒரு நாளே இல்லை.

லீப் நாளையே சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ரெய்னர்ஸ் லேனில் சாட்சி உண்டு. அலெக்சாண்ட்ரா அவென்யூவில் யானைத் துதிக்கைபோல முகப்பு வளைந்த ஒரு கட்டடம், 1936-ல் சினிமாக் கொட்டகையாகத் திறந்தது. இன்று ஜொராஸ்திரியர் மையம். ஜொராஸ்திரியரான பார்சிகளில் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் ஷாஹென்ஷாஹி நாள்காட்டிக்கு எப்போதும் 365 நாள்தான். வசந்தத்தில் வந்திருக்க வேண்டிய புத்தாண்டு நகர்ந்து நகர்ந்து ஆகஸ்டில் வந்து நிற்கிறது.

மாஸ்டரைச் சரிசெய்ய உட்காருபவர் முதலில் பழைய பேட்டரியைக் கழற்ற வேண்டும். கசிந்தால் பலகையையே அரித்துவிடும். புதியது போட்டபின், 'ஆர்' விசையை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் குழம்பிக் கிடக்கும் அமைப்புகள் பழைய நிலைக்கு வரும். பிறகுதான் மென்பொருள். அது அழிக்க முடியாத ரோம் சில்லில் இருப்பதால், திருத்திய பிரதியைப் புதிய சில்லில் எழுதிப் பொருத்தலாம். இல்லையென்றால் 'தேதி என்ன' என்ற கேள்வியை வழிமறிக்கும் குட்டி நிரலை நினைவகத்தில் ஏற்றலாம். அதை ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் ஏற்ற வேண்டும். நிரலுக்குள் இருப்பதோ ஒரே விதி: 80-க்குக் கீழே என்றால் 20, மற்றதற்கு 19. பிரபவக்காரரின் நரையைப் பார்த்து வயது சொல்வது போலத்தான்.

சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 1901 முதல் 2099 வரை, கிழமையும் தேதியும் 28 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 2026-க்குப் பதில் 1998 என்று வைத்தால் கிழமை பிசகாது. 1926 என்று விட்டுவிட்டால், கிழமையைத் தானே கணக்கிடும் நிரல் ஜனவரி 1-ஐ வியாழனுக்குப் பதில் வெள்ளி என்று சொல்லும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். சில்லைத் தொடவே வேண்டாம். ஆனால் 2027 டிசம்பர் 31 வரைதான். மறுநாள் 00 வந்துவிடும். திரையில் மறுபடி 1900.