லாட்ஜ் அறையில் கேட்கப்படாத கேள்விகள்

சென்ற வாரம் மனப்பதற்றத்தைப் பற்றிப் பேசினோம். அதே பதற்றம் படுக்கையறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும், அதை மருத்துவ உளவியலாளர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று இந்த வாரம் பார்ப்போம்.

நம் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு. கீழே ஒரு தேதியும், அன்று ‘வைத்தியர்’ வந்து தங்கும் லாட்ஜின் பெயரும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எழுபது ஆண்டுகள் தாண்டியும் போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசை வாளி காய்ந்தபாடில்லை.

அந்த லாட்ஜுக்குப் போகிற இளைஞனுக்குப் பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். உடம்பு அசதி, இடுப்பு வலி, எதிலும் மனம் ஒட்டாமை, தூக்கமின்மை. சிறுநீரில் வெள்ளையாக ஏதோ போகிறது என்பான். விந்து வீணாகித்தான் உடம்பு இப்படி ஆனது, இனி மனைவியோடு வாழ முடியாது என்று அவனே முடிவும் கட்டியிருப்பான். இந்த அவஸ்தைக்கு 1960இல் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக். ஆயுர்வேதம் சொல்லும் ஏழு தாதுக்களில் கடைசியும் உயர்ந்ததுமான சுக்கிலம் கரைந்துபோகிறது என்ற பயம்தான் இதற்கு வேர். இலங்கையில் சிங்களர்கள் இதையே ‘பிரமேகம்’ என்கிறார்கள்.

இது நம் நாட்டு மூடநம்பிக்கை என்று வெள்ளைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் திஸ்ஸோ, சுயஇன்பத்தால் உடல் உருக்குலையும் என்று 18ஆம் நூற்றாண்டில் எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுவதையும் பயமுறுத்தியது. அங்கே அந்தப் பயம் பிற்பாடு வடிந்துவிட்டது. இங்கே அதை வைத்து இன்னும் வியாபாரம் நடக்கிறது.

உண்மையில் சிறுநீர் வெள்ளையாகக் கலங்குவதற்குப் பல சமயம் அதிலுள்ள பாஸ்பேட் உப்புதான் காரணம். விந்தணுக்களோ பருவ வயது தொடங்கி நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஆனால், இதைச் சொல்லி “உனக்கு ஒன்றுமில்லை, போ தம்பி” என்று அனுப்பிவிட்டால், அவன் நேராகப் போய் நிற்பது லாட்ஜ் வாசலில்தான். அவன் நம்புவது தவறாக இருக்கலாம், படுகிற துன்பம் நிஜம். இப்படி வருகிறவர்களில் பலருக்கு மனச்சோர்வோ பதற்ற நோயோ சேர்ந்தே இருக்கிறது.

ஆகவே உளவியலாளர் கேள்விகளில் தொடங்குகிறார். கூச்சமில்லாத, ஆனால் நிதானமான கேள்விகள். எப்போதிலிருந்து இப்படி? ஆரம்பம் முதலேவா, நன்றாக இருந்து பிறகு வந்ததா? எல்லாச் சமயத்திலுமா, மனைவியோடு இருக்கும்போது மட்டுமா? அதிகாலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்படியொரு மதிப்பு உண்டு. தூக்கத்தில் விறைப்பு இயல்பாக வந்து, மனைவியின் அருகில் மட்டும் வராமல் போனால், ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கின்றன என்று அர்த்தம். அப்போது சந்தேகம் மனசின் பக்கம் திரும்பும். ‘இன்றைக்காவது முடியுமா’ என்று தன்னைத்தானே வேவு பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எந்தக் கிளர்ச்சியும் நிலைக்காது. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்கள். சில காலம் உறவையே தள்ளிவைத்து, வெறும் தொடுதலில் தொடங்கித் தம்பதியைப் படிப்படியாகப் பழக்கும் அவர்களுடைய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

காலை விறைப்பும் இல்லையென்றால் கதை வேறு. சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் அளவுகளைப் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் மாத்திரைகள் சிலவும் இதைக் கொண்டுவரும். குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை. அதனால் அடைப்பு முதலில் இங்கே தெரிந்து, நெஞ்சுவலி பிறகு வருவதும் உண்டு. ஐம்பது வயதுக்காரர் இந்தக் குறையோடு வந்தால், இதயப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மனசைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது தவறு.

கோளாறு என்று எப்போது முத்திரை குத்துவது? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநலக் கோளாறுகள் கையேட்டின் ஐந்தாவது பதிப்பு சில வரம்புகளை வைக்கிறது. விறைப்புக் கோளாறு என்று சொல்ல, சிக்கல் சுமார் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 100க்கு 75 முறையாவது நேர வேண்டும். அதனால் அவர் துன்பப்பட வேண்டும். புதுக் கல்யாண மாப்பிள்ளையின் இரண்டு ராத்திரித் தடுமாற்றம் இந்தக் கணக்கில் வராது. ‘அவர் துன்பப்பட வேண்டும்’ என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மனைவிக்கு ஆசை குறைவு என்று கணவன் இழுத்துக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு அதில் வருத்தமே இல்லையென்றால், அங்கே பார்க்க வேண்டியது அவர்களுக்கு இடையிலான உறவை. அவளுக்கு ஒரு நோயின் பெயரைக் கட்டிவிடக் கூடாது.

‘சீக்கிரம் முடிந்துவிடுகிறது’ என்ற புகாருக்கும் அந்தக் கையேட்டில் அளவு உண்டு: ஏறக்குறைய 1 நிமிடத்துக்குள். ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. அதில் இடைநிலை அளவு 5.4 நிமிடம். செல்போனில் பார்த்த படங்களோடு தன்னை ஒப்பிட்டு மனசு உடைந்துபோகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

லாட்ஜ் அறையில் இந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. லேகியம் உண்டு. ‘மூலிகை’ என்று விற்கப்படும் மாத்திரைகளில் விறைப்புக்கான சில்டெனாஃபில் மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை போடுகிற ஒருவர் அதை விழுங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளி சீட்டு வாங்கி இதைப் பேசலாம். தனியாரிடம் போவதென்றால், உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருமணமானவர்கள் துணையையும் கூட்டிப்போவது நல்லது. பாதித் தகவல் அவரிடம்தான் இருக்கும்.

உறவின்போது பெண்களுக்கு ஏற்படும் வலியையும் இறுக்கத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)