வளரும் பிள்ளைக்கு வந்த குடல் நோய்

பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வருவது சாதாரண விடயம். ஆனால் வாரக்கணக்கில் வலியும் வயிற்றோட்டமும் நீடித்து, உடல் மெலிந்து, உயரமும் கூடாமல் நின்றுவிட்டால் அதனைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது. என் மூத்த மகளுக்கு 12 வயதில் இப்படித்தான் ஏற்பட்டது. இரத்தம், மலம், கெமரா மூலமான குடல் பரிசோதனை ஆகியவற்றின் பின்னர், இது குடல் காசநோயல்ல, 'குரோன்' நோய் என்றார் வைத்தியர்.

1932இல் நியூயோர்க் வைத்தியர் பரில் குரோனும் அவரது சகாக்களும் விபரித்த நோய் இது. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. இது தொற்றாது, தாயின் சமையலால் வருவதுமல்ல. முற்றாகக் குணப்படுத்த முடியாவிட்டாலும் அடக்கி வைக்கலாம்.

ஸ்டீரொயிட் மருந்து வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், முதல் 8 வாரங்களும் போசாக்குத் திரவ உணவு மட்டுமே கொடுக்கச் சொன்னார்கள். மீன் பொரிக்கும் வாசனை வரும் வீட்டில் அது இலேசான காரியமல்ல. அவள் டியூஷனுக்குப் போகும் நேரத்தில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் வலி குறைந்தது. பின்னர் அசதியோபிரின் குளிசை ஆரம்பமானது. அதற்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை அவசியம்.

15 வயதில் வேறொரு பிரச்சினை வந்தது. "இப்ப எனக்குச் சுகம்தானே அம்மா, ஏன் குளிசை?" என்று கேட்டாள். நான் ஏசவில்லை. அடுத்த கிளினிக்கில் அந்தக் கேள்வியை அவளையே கேட்கச் செய்தேன். வலி இல்லாதபோதும் உள்ளே அழற்சி இருக்கலாம், கவனியாவிட்டால் குடல் ஒடுங்கிச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று வைத்தியர் படம் வரைந்து விளக்கினார். அன்றிலிருந்து குளிசைப் பெட்டி அவள் பொறுப்பில்.

இத்தகைய பிள்ளையுள்ள தாய்மார் கவனிக்க வேண்டியவை:

* உயரத்தையும் நிறையையும் ஒழுங்காகக் குறித்து வையுங்கள். பூப்படைவது தாமதமானால் வைத்தியரிடம் கூறுங்கள்.
* ஐபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.
* நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போது சில தடுப்பூசிகள் ஆகாது. கேட்டே போடுங்கள்.
* பாடநேரத்தில் தயக்கமின்றி மலசலகூடம் செல்ல வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

என்றோ ஒருநாள் பிள்ளை நம்மை விட்டுத் தனியே வாழப் போகிறது. தன் நோயைத் தானே வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல இப்போதே பழக்குவோம்.