டக்ட்டுக்குள்ள புகை வந்தா ஃபேனை யார் நிறுத்துவா?

ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "எங்க பில்டிங்ல ரூமுக்கு ரூம் ஸ்மோக் டிடெக்டர் இருக்கு. ஏசி டக்ட்டுக்குள்ளயும் எதுக்கு? கொட்டேஷன்ல அந்த வரியை வெட்டிடலாமான்னு மேனேஜர் கேக்கறார்."

வெட்டக் கூடாது. காரணம் புரியணும்னா கொல்கத்தா தாகுரியாவுல இருந்த ஏ.எம்.ஆர்.ஐ ஆஸ்பத்திரியை நினைச்சுப் பாருங்க. 2011 டிசம்பர் 9, விடியறதுக்கு முன்னாடி அடித்தளத்துல தீப்பிடிச்சது. சுமார் 90 பேர் இறந்துபோனாங்க. பெரும்பாலானவங்க மேல் மாடிகள்ல இருந்த நோயாளிகள். தீ அவங்ககிட்ட போகல, புகைதான் போச்சு. அந்தப் புகை ஏறின வழிகள்ல ஒண்ணு ஏசி டக்ட். சுத்தி கண்ணாடிச் சுவர், அதனால வெளியேறவும் வழியில்லை.

ரூம் டிடெக்டர் மனுஷங்களை எழுப்பும். டக்ட் டிடெக்டர் மெஷினை நிறுத்தும். இது வேற வேலை, அது வேற வேலை.

ஓசூர்–கிருஷ்ணகிரி பக்கம் இது ரொம்பப் பொருந்தும். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு தூசியில்லாத காத்து வேணும், அதனால ஜன்னலே இருக்காது. கட்டடமே ஏ.ஹெச்.யு வழியாத்தான் மூச்சு விடும். ஏ.ஹெச்.யு-ன்னா காத்தை இழுத்து, வடிகட்டி, குளிரவெச்சு டக்ட்டுல தள்ளுற பெரிய பெட்டி. 2024 செப்டம்பர் 28 காலையில உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கும். ஊழியர்களை வெளியேத்தினாங்க, உயிரிழப்பு இல்லை. அதுக்கும் டக்ட்டுக்கும் முடிச்சுப் போட வரல. ஆனா இவ்வளவு பெரிய மூடின கட்டடங்கள் நம்ம பக்கத்துலயே இருக்கு.

கருவி எளிமையானது. பெட்டி டக்ட்டுக்கு வெளியே உட்காரும். ஓட்டை போட்ட நீளக் குழாய் ஒண்ணு டக்ட்டோட அகலத்துக்குக் குறுக்கே போகும். ஓட்டைகள் காத்து வர்ற திசையைப் பார்த்து இருக்கணும். காத்து அதுல நுழைஞ்சு, பெட்டிக்குள்ள இருக்கிற சென்சாரைக் கடந்து, இன்னொரு சின்னக் குழாய் வழியா திரும்ப டக்ட்டுக்கே போயிடும். ஃபேன் நின்னா இந்த ஓட்டமும் நின்னுடும். அதாவது ஏசி அணைச்ச ராத்திரியில இந்த டிடெக்டருக்குக் கண் தெரியாது.

இன்னொரு பலவீனமும் இருக்கு. ஒரு ஏ.ஹெச்.யு 10,000 சி.எஃப்.எம் காத்து தள்ளுது, ஒரு சின்ன ரூம்ல இருந்து 500 சி.எஃப்.எம் திரும்பி வருதுன்னு வைங்க. அந்த ரூம் புகை 20 மடங்கு நீர்த்துப்போய்த்தான் சென்சாருக்கு வரும். அதனால இது ரூம் டிடெக்டருக்கு மாற்று கிடையாது.

இப்போ எஸ்டிமேட். பலர் சதுர அடியைப் பார்த்து எண்ணிக்கை போடறாங்க. தப்பு. ஏசி டிராயிங்ல ஏ.ஹெச்.யு பட்டியலை எடுங்க, சி.எஃப்.எம் காலத்தைப் பாருங்க. நமக்கு அடிப்படை நேஷனல் பில்டிங் கோடு 2016, ஐ.எஸ். 2189. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தா அமெரிக்க என்.எஃப்.பி.ஏ 90ஏ-வையும் கேட்கலாம். அதுல கணக்கு தெளிவு: 2,000 சி.எஃப்.எம்-க்கு மேல போனா சப்ளை பக்கம் ஒண்ணு, ஃபில்டருக்கு அப்புறம், முதல் கிளை பிரியறதுக்கு முன்னாடி. 15,000-க்கு மேல, ஒண்ணுக்கு மேற்பட்ட மாடிக்குப் போற யூனிட்னா, ஒவ்வொரு மாடி ரிட்டர்ன்லயும் ஒண்ணு.

உதாரணமா நாலு யூனிட்: ரெண்டு மாடிக்கு ஒரு 18,000, ரெண்டு 8,000, ஒரு 1,500. சப்ளைக்கு மூணு, ரிட்டர்னுக்கு ரெண்டு, மொத்தம் அஞ்சு. சின்ன யூனிட்டுக்கு இந்தக் கணக்குல தேவையில்லை.

பெட்டி விலை ஈஸியா கிடைச்சிடும். விட்டுப்போறது மத்ததுதான். டக்ட் அகலத்துக்கு ஏத்த குழாய். நீளம் 3 அடிக்கு மேலன்னா மறுமுனைக்கும் ஒரு பிடிமானம். கை விட்டுப் பார்க்க ஒரு கதவு. 20 அடி உயரத்துல வேலைன்னா சாரம் அல்லது லிஃப்ட் வாடகை. கீழே இருந்தே டெஸ்ட் பண்ண ரிமோட் சுவிட்ச். ஃபால்ஸ் சீலிங் மூடின பிறகு ஞாபகம் வந்தா ரெண்டு செலவு.

எல்லாத்தையும் விட மோசம், டிடெக்டர்ல இருந்து ஏ.ஹெச்.யு பேனலுக்குப் போற வயர். ஃபயர் அலாரம் கான்ட்ராக்டர் "அது ஏசி காரர் வேலை"னு எழுதியிருப்பார். ஏசி கான்ட்ராக்டர் "அது ஃபயர் காரர் வேலை"னு எழுதியிருப்பார். ஒருத்தர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்ல இருந்து வருவார், இன்னொருத்தர் கிருஷ்ணகிரியில இருந்து. ரெண்டு பேரும் ஒரே நாள்ல சைட்ல இருந்தாலே அதிசயம். கடைசியில டிடெக்டர் இருக்கும், விளக்கு எரியும், ஃபேன் ஜம்முனு ஓடிட்டே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஈவன்ட் ஃபயர் ஆகுது, கேட்க லிஸனரே இல்லை. அந்த வயரை ரெண்டு கொட்டேஷன்ல ஏதோ ஒண்ணுல தனி வரியா எழுத வைங்க.

தூசி பத்தியும் ஒரு வார்த்தை. கிரானைட் அறுக்கிற பக்கம், மண் ரோடு பக்கம்னா குழாய் ஓட்டை அடைஞ்சுக்கும். ஓட்டம் குறைஞ்சா புகை வந்தும் அலாரம் வராது. உள்ளே தூசி சேர்ந்தா புகையே இல்லாம அலாரம் அடிக்கும். ரெண்டு தடவை அப்படி அடிச்சா யாராவது வயரைக் கழட்டிடுவாங்க, அதான் பெரிய ஆபத்து.

டெஸ்ட் பண்றப்போ பட்டனை அமுக்கி விளக்கு வந்துச்சான்னு மட்டும் பார்த்துட்டு கையெழுத்து போடாதீங்க. மேனோமீட்டர் வெச்சு ரெண்டு குழாய்க்கும் இடையில தேவையான அழுத்த வித்தியாசம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் டெஸ்ட் புகை அடிச்சு ஃபேன் நிஜமாவே நிக்குதா, டேம்பர் மூடுதா பாருங்க. பேனல்ல செலக்டர் சுவிட்ச் மேனுவல்ல இருக்கும்போதும் இதைச் செய்யணும், ஏன்னா பல பேனல்ல இன்டர்லாக் ஆட்டோ பக்கம் மட்டும்தான் போட்டிருப்பாங்க. புகையை வெளியே தள்ளவே வெச்ச எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இந்தப் பட்டியல்ல வரக்கூடாது. அது ஓடணும்.